வியன்னாவில் ஒரு மாளிகை

வியன்னா என்ற பெயரைக் கேட்டவுடனே நம்மவர்க்கு நினைவு வருவது சங்கீதந்தான். மோஸார்ட், பீத்தோவன், ஷூபர்ட் முதலிய மேதைகள் வாழ்ந்த ஊர் அது. அந்நகரின் வட பாகத்தில் ஹைலிகன்ஷ்டாட் என்று ஒரு பகுதி இருக்கிறது. தம் செவிப்புலன் நாளுக்கு நாள் குன்றி வருவதை உணர்ந்த பீத்தோவன், 1802-ஆம் ஆண்டில் தம் துயரத்தையெல்லாம் கொட்டிச் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதிய கடிதத்தை அனுப்பாமலே வைத்துக்கொண்டார். அது நடந்தது இந்த ஹைலிகன்ஷ்டாட்டிலேதான். ஆகவே அங்குள்ள ரயில் நிலையத்தில் இறங்கும் பிரயாணிகளில் பலர், பீத்தோவன் வசித்த வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே நிலையத்தில்தான் இறங்கினோம். ஆனால் யாரையும் வழி கேட்க வேண்டிய அவசியம் நமக்கு நேரவில்லை. நாம் பார்க்கச் சென்ற கட்டடம் நிலையத்துக்கு எதிரிலேயே நின்றது. நின்றது என்று சொல்வதைவிட, இரு புறமும் கண்ணுக்கெட்டிய வரையில் நீண்டு கிடந்தது என்று சொல்வதே பொருந்தும். அதன் பெயர் கார்ல் மார்க்ஸ் ஹோஃப்.

'ஹோஃப்' என்னும் ஜெர்மன் சொல்லுக்கு முற்றம் என்றும் பொருள் உண்டு. அரசவை என்றும் பொருள் உண்டு. வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்திகளின் அரண்மனைக்கு ஹோஃப்புர்க் என்று பெயர். தச்சனும், டிராம் கண்டக்டரும், துணி தைக்கும் பெண்மணியும் குடியிருக்கக் கட்டிய இல்லத்துக்கும் அந்தச் சொல்லையே சூட்டியவர்கள், இரண்டு பொருளையும் மனத்தில் கொண்டுதான் சூட்டியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியது.

மார்க்ஸ் பிறந்தது ஜெர்மனியில் டிரியர் என்னும் ஊரில், மறைந்தது லண்டனில். வியன்னாவுக்கு அவர் 1848-ஆம் வருஷத்துப் புரட்சியின்போது சில நாட்கள் வந்து தொழிலாளரிடையே பேசிவிட்டுப் போனார், அவ்வளவுதான். ஆயினும் அவருடைய சித்தாந்தத்தைச் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கண்ணாரக் காண வேண்டுமானால், இந்த ஊருக்குத்தான் வர வேண்டும். அதைக் காணவும், நெடுநாளாக நம் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்குமா என்று பார்க்கவுமே நாம் வந்தோம். ஏழைகளுக்கு நியாயம் செய்வது, இரத்தம் சிந்தாமல், ஓட்டுச் சீட்டைக் கொண்டு மட்டுமே ஆகக்கூடிய காரியமா என்பதே அந்தக் கேள்வி.

முக்கால் மைல் நீள வீடு

கட்டடத்தின் நீளம் ஆயிரத்து நூறு மீட்டர். அதாவது முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு டிராமில் போனால் நான்கு நிறுத்தங்கள் வருமென்று சொல்கிறார்கள். உள்ளே 1,382 வீடுகள். கட்டி முடித்த காலத்தில் சுமார் ஐயாயிரம் பேர் குடியிருந்தார்கள். ஒரு சிற்றூர் முழுவதையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்தது போலத்தான்.

நடுப் பாகத்தில் சிவந்த நிறமுள்ள கோபுரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றினடியில் பெரிய பெரிய வளைவு வாசல்கள். நம் ஊர்க் கோபுர வாசல்களைப் போலவே இவற்றின் வழியாகவும் ஜனங்கள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். வளைவுகளின் உச்சியில் நான்கு சுடுமண் சிலைகளை வைத்திருக்கிறார்கள். அவை தேவர்களின் சிலைகள் அல்ல. அரசர்களின் சிலைகளும் அல்ல. விடுதலை, அறிவு விளக்கம், குழந்தை நலம், உடற்பயிற்சி என்னும் நான்கு கருத்துக்களின் உருவங்கள். எதிரேயுள்ள புல்வெளியில், விதை தூவும் உழவன் ஒருவனுடைய வெண்கலச் சிலை நிற்கிறது.

வளைவைக் கடந்து உள்ளே சென்றதும் நாம் அடைந்த வியப்பு வேறு வகையானது. வெளியிலிருந்து பார்க்கையில் கோட்டை போல் தோன்றிய கட்டடம், உள்ளே பூங்காவாக மாறிவிட்டது. எடுத்துக்கொண்ட நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் மரமும் புல்லும் குழந்தைகள் ஓடியாடும் வெளியுமே. நம் பட்டணங்களில் ஓர் அங்குல மண்ணையும் விடாமல் சுவர் எழுப்பிப் பழகிய கண்களுக்கு, ஏழைகளுக்கென்று இவ்வளவு வெற்றிடத்தை விட்டு வைத்திருப்பது பெரிய ஊதாரித்தனமாகக்கூடத் தோன்றலாம். ஆனால் இதைக் கட்டிய கார்ல் ஏன் என்னும் சிற்பியும், அவருக்கு ஆணையிட்ட நகர சபையாரும் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்கள். வெயிலும் காற்றும் மருந்தைவிட மலிவு என்பது அவர்களுடைய கணக்கு.

வீடுகள் சிறியவை, ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளேயே தண்ணீர்க் குழாய், உள்ளேயே கழிப்பிடம். இதில் என்ன விசேஷம் என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு முன் வியன்னாத் தொழிலாளி வாழ்ந்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் விசேஷம் விளங்கும். பழைய வாடகைக் கட்டடங்களில், ஒரு மாடி முழுவதற்கும் நடைவழியில் ஒரே குழாய், கழிப்பிடமும் அங்கேதான். அந்தக் குழாய்க்கு 'பஸ்ஸேனா' என்று பெயர். அதனடியில் குடத்தோடு குடம் மோதியது. சொல்லோடு சொல்லும் மோதியது. நம் ஊர்த் தெருக் குழாயடிச் சண்டை நமக்கு மட்டுமே உரியது என்று கருத வேண்டாம்! அறை வாடகை கொடுக்க இயலாதவர்கள், படுக்கையை மாத்திரம் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். இரவு வேலைக்காரன் எழுந்து போன படுக்கையில் பகல் வேலைக்காரன் வந்து படுத்தான் என்று சொன்னால் மிகையாகாது. க்ஷயரோகத்துக்கு ஐரோப்பாவில் 'வியன்னா வியாதி' என்றே பெயர் வழங்கிற்று.

முற்றத்துப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியுடன் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பிறந்ததும் இங்கேதான். முதுமை எய்தியதும் இங்கேதான். "அம்மா, உங்கள் பெற்றோர் இங்கே குடிவந்தபோது எதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தார்களாம்?" என்று கேட்டோம். மார்க்ஸைப் பற்றியோ புரட்சியைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "வெந்நீர், ஐயா! துணி வெளுக்கும் கூடத்தில் இயந்திரத்திலிருந்து கொட்டிய வெந்நீர்! என் தாயார் சாகும் வரையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே பெண்களுக்கு மட்டுந்தான் அனுமதி. ஆகையால் அது எங்கள் ராஜ்யம்" என்றார்.

அப்படி இரண்டு சலவைக் கூடங்கள், இரண்டு குளிக்கும் கூடங்கள், இரண்டு குழந்தைப் பள்ளிகள், தாய்மார்களுக்கு யோசனை கூறும் நிலையம், பல் வைத்தியசாலை, புத்தகசாலை, மருந்துக் கடை, தபாலாபீஸ் எல்லாம் இதற்குள்ளேயே அமைந்திருந்தன. 1930-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ஆம் தேதி, நகரத் தலைவர் கார்ல் ஸைட்ஸ் இதைத் திறந்து வைத்தார்.

பணம் வந்த வழி

முதல் மகாயுத்தத்தில் தோற்று, சாம்ராஜ்யத்தை இழந்து, பட்டினியில் வாடிய ஒரு தேசத்தின் தலைநகருக்கு இத்தனை பணம் எங்கிருந்து கிடைத்தது? இந்தக் கேள்வியைக் கேட்டால், ஹ்யூகோ பிரைட்னர் என்பவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

1919-ஆம் வருஷத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியார் வியன்னா நகர சபையைக் கைப்பற்றினார்கள். 1922-ஆம் வருஷ ஆரம்பத்தில் வியன்னா தனி மாகாணமாயிற்று. வரி விதிக்கும் உரிமையும் அதற்குக் கிடைத்தது. நகர சபையின் நிதிப் பொறுப்பை ஏற்ற பிரைட்னர், அதற்கு முன் ஒரு பெரிய பாங்கியின் டைரக்டராக இருந்தவர். பணக்காரர்களின் பணம் எங்கெங்கே ஒளிந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததன்று. பந்தயக் குதிரைக்கு வரி, மோட்டாருக்கு வரி, ஷாம்பேன் மதுவுக்கு வரி, வீட்டு வேலைக்காரர்கள் பலரை வைத்துக்கொண்டால் அதற்கு வரி என்று ஒவ்வொன்றாகப் போட்டார். 1923-இல் வீடு கட்டுவதற்கென்றே தனி வரி ஒன்று வந்தது. சிறு வீட்டுக்காரன் கொடுத்தது சொற்பம். மாளிகைக்காரன் கொடுத்தது பன்மடங்கு. கடன் வாங்காமல் இந்த வரிப்பணத்தைக் கொண்டே கட்டினார்கள். ஆகவே வாடகையில் வட்டி சேரவில்லை. பராமரிப்புச் செலவுக்கு மட்டும் வாங்கினால் போதுமானதாயிருந்தது. 1934-க்குள் இவ்விதம் எழுந்த வீடுகள் அறுபதினாயிரத்துக்கு மேல்.

பிரைட்னரை வைதவர்கள் ஏராளம். வாடகைக் கட்டுப்பாட்டாலும் வரியாலும் தனி மனிதர்கள் வீடு கட்டுவதே நின்றுபோயிற்று என்று அவர்கள் குறை கூறினார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் தனி மனிதர்கள் கட்டிய காலத்தில் ஏழைக்குக் கிடைத்தது பஸ்ஸேனாவும் க்ஷயமுந்தானே என்று நகர சபையார் திருப்பிக் கேட்டார்கள்.

நகரின் சுகாதாரப் பொறுப்பை ஏற்றிருந்த ஜூலியஸ் டாண்ட்லர், உடற்கூறு சாஸ்திரத்தில் பேராசிரியர். 1927 முதல், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் நகர சபையின் சார்பில் ஒரு துணிப் பொட்டலம் அனுப்பும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். அது தர்மமாகக் கொடுத்ததன்று. செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் உண்டு. எந்தக் குழந்தையும் செய்தித்தாளில் சுற்றப்படக் கூடாது என்பது கொள்கை. ஓட்டோ நாய்ரத் என்னும் தத்துவ அறிஞர், 1925-இல் ஒரு காட்சிசாலை நிறுவினார். எழுத்தறிவு குறைந்தவனும் நகரத்தின் வரவு செலவைப் புரிந்துகொள்ளும்படி, எண்களைச் சிறு சிறு சித்திரங்களாக மாற்றிச் சுவரில் மாட்டினார். இன்று உலகெங்கும் ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் நாம் காணும் சித்திரக் குறிகளுக்கு அவரும் ஒரு மூதாதை.

ஒரே வகுப்பில் இருந்தவர்கள்

இவ்வளவு காரியங்களுக்கும் பின்னால் ஒரு சிந்தனை மரபு இருந்தது. அதை 'ஆஸ்திரிய மார்க்ஸீயம்' என்று வழங்குகிறார்கள். மாக்ஸ் ஆட்லர், ஓட்டோ பௌவர், ருடால்ஃப் ஹில்ஃபர்டிங், கார்ல் ரென்னர் என்னும் நால்வர் அதன் தூண்கள். வியன்னாச் சர்வகலாசாலையில் கார்ல் க்ரூன்பெர்க் என்னும் ஆசிரியரிடம் பயின்று, காப்பிக் கடைகளில் இரவெல்லாம் வாதித்து வளர்ந்தவர்கள் இவர்கள்.

1905-ஆம் வருஷத்தில் பேம்-பாவெர்க் என்னும் பொருளாதாரப் பேராசிரியர் நடத்திய வகுப்பில் ஒரு விநோதம் நடந்தது. பேம்-பாவெர்க் மார்க்ஸைக் கண்டித்துப் புத்தகம் எழுதியவர். மந்திரி பதவி வகித்தவர். அவருடைய வகுப்பில் பௌவரும் ஹில்ஃபர்டிங்கும் உட்கார்ந்திருந்தார்கள். பிற்காலத்தில் தனியுடைமைக் கொள்கையின் பெரிய வழக்கறிஞராக விளங்கிய லூட்விக் ஃபான் மீஸஸும், ஷும்பீட்டரும் உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தை இரண்டாகப் பிளந்த வாதத்தின் இரு கட்சிக்காரர்களும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டார்கள்! இரு சாராரும் ஒருவரையொருவர் நன்றாகப் படித்திருந்ததனால்தான், அந்த வாதம் அவ்வளவு கூர்மையாக அமைந்தது போலும்.

ஹில்ஃபர்டிங் 1910-இல் 'நிதி மூலதனம்' என்னும் நூலை வெளியிட்டார். பாங்கிகளும் ஆலைகளும் ஒன்றோடொன்று இணைந்து, சில முதலாளிகளின் கையில் பொருளாதாரம் முழுவதும் திரண்டுவிடும் விதத்தை அதில் விளக்கினார். ஏகாதிபத்தியத்தைப் பற்றி லெனின் பின்னர் எழுதியபோது அந்நூலைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார். மாக்ஸ் ஆட்லர், மார்க்ஸையும் தத்துவ ஞானி கான்ட்டையும் ஒன்று சேர்க்க முயன்றார். பொருளாதார விதிகள் தாமாகவே சமதர்மத்தைக் கொண்டுவந்துவிடா; மனிதனுடைய அறிவும் அறவுணர்ச்சியும் அதற்கு வேண்டும் என்பது அவர் கட்சி.

பௌவரும் ரென்னரும் எடுத்துக்கொண்ட பிரச்னை நம்மவர்க்கு மிகவும் நெருங்கியது. பழைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் ஜெர்மானியர், செக், ஹங்கேரியர், போலிஷ்காரர், குரோஷியர், இத்தாலியர் என்று பல மொழிக்காரர்கள் ஒரே கொடியின் கீழ் சச்சரவிட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். தேசியம் என்பது என்ன? தொழிலாளிக்கு வர்க்கம் பெரிதா, மொழி பெரிதா? 1907-இல் பௌவர், இருபத்தாறாம் வயதில், இதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஒரே விதியை ஒன்றாக அநுபவித்து, அதனால் ஒரே குணம் பெற்ற மக்கள் கூட்டமே தேசியம் என்பது அவர் கண்ட முடிவு. மதத்தைப் போலவே தேசியமும் மனிதனோடு செல்வது. அவன் எந்த ஊரில் வசித்தாலும் தன் மொழிக்கும் பள்ளிக்கும் உரிமை பெறலாம் என்றார் ரென்னர். பல மொழிகளை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தைக் காக்கும் கவலை நமக்கும் உண்டல்லவா? அந்த வகையில் இவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல.

மார்க்ஸின் சீடர்களுக்குள் அப்போதே பிளவு கண்டிருந்தது. ஜெர்மனியில் பெர்ன்ஷ்டைன், 1899-இல் எழுதிய நூலில், புரட்சியை எதிர்பார்த்திராமல் சட்டசபை வழியே சீர்திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்றார். ரோஸா லக்ஸம்பர்க் அதை வன்மையாக மறுத்தார். ரஷ்யாவில் லெனின், கட்டுப்பாடான ஒரு கட்சி அதிகாரத்தைப் பிடித்தாக வேண்டும் என்றார். வியன்னாக்காரர்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடினார்கள். சமதர்மமே லட்சியம், அதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் அதற்கு வழி ஜனநாயகம். எதிரிகள் ஆயுதங்கொண்டு ஜனநாயகத்தை அழிக்க வந்தால் மட்டும், அதைக் காப்பதற்காகத் தொழிலாளரும் ஆயுதம் எடுப்பார்கள். 1926-இல் லின்ட்ஸ் நகரில் கூடிய கட்சி மாநாடு இதையே வேலைத் திட்டமாக ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் படிக்கும்போது குறை சொல்ல முடியாத வாக்கியம்!

காப்பிக் கடை விருந்தினர்

மாலையில் நாம் நகரின் நடுவே ஹெர்ரன் வீதிக்குச் சென்று, 'கஃபே ஸென்ட்ரல்' என்னும் பழைய காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். இப்போது வாசலில் பிரயாணிகள் வரிசையாக நிற்கிறார்கள். காப்பி நன்றாகவே இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டுக் குடிப்பது உசிதம்.

1907 முதல் 1914 வரையில் இந்நகரில் அகதியாக வாழ்ந்த டிராட்ஸ்கி இங்கே வந்து சதுரங்கம் ஆடுவது வழக்கம். ரஷ்யாவில் புரட்சி வரும் என்று யாரோ எச்சரித்தபோது, ஆஸ்திரிய மந்திரி ஒருவர், புரட்சியை நடத்தப் போவது காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பேர்வழிதானோ என்று ஏளனம் செய்ததாக ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது. வியன்னாத் தோழர்களைப் பற்றி டிராட்ஸ்கிக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நன்றாகப் படித்தவர்கள், ஆனால் சுகவாசிகள் என்று பிற்காலத்தில் எழுதினார்.

1913-ஆம் வருஷ ஆரம்பத்தில் இன்னொரு ரஷ்யர் வந்து சில வாரம் தங்கினார். தேசியப் பிரச்னையைப் பற்றிப் பௌவரையும் ரென்னரையும் மறுத்து ஒரு கட்டுரை எழுதுவதே அவர் வந்த காரியம். அவர்தான் ஸ்டாலின். ஷேன்ப்ரூன் அரண்மனைக்கு அருகே அவர் தங்கிய வீட்டின் சுவரில், 1949-இல் பதித்த நினைவுக் கல்லை இன்றும் காணலாம்.

முதல் யுத்தத்துக்குப் பிறகு வந்த விருந்தினர் வேறு. ஹங்கேரியில் புரட்சி சர்க்கார் 1919-இல் கவிழ்ந்ததும் தப்பியோடி வந்த ஜார்ஜ் லுகாச், இங்கே இருந்துகொண்டே 'வரலாறும் வர்க்க உணர்வும்' என்னும் நூலை 1923-இல் வெளியிட்டார். எல்லாவற்றையும் விலைக்குரிய சரக்காகவே காணும் சமுதாயத்தில், மனிதனும் தன்னையே ஒரு சரக்காகக் காணும்படி நேர்ந்துவிடுகிறது என்பது அதிலுள்ள ஓர் ஆழ்ந்த கருத்து. மாஸ்கோவிலுள்ள தலைவர்கள் மறு வருஷமே அதைக் கண்டித்தார்கள். அதே 1923-ஆம் வருஷக் கடைசியில் இத்தாலிய இளைஞர் அந்தோனியோ கிராம்ஸி வந்து, சில மாதம் தங்கினார். 1924-இல் தம் நாட்டுச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் திரும்பிய அவரை, 1926-இல் முஸோலினியின் சர்க்கார் சிறையிலிட்டது. அதிகாரம் என்பது போலீஸையும் பட்டாளத்தையும் மட்டும் நம்பி நிற்பதன்று. பள்ளி, பத்திரிகை, கோவில், பழக்க வழக்கம் ஆகியவற்றின் மூலம் ஜனங்களின் சம்மதத்தையும் பெற்றே நிற்கிறது என்று அவர் சிறைக் குறிப்புப் புத்தகங்களில் எழுதினார்.

முன்னே சொன்ன க்ரூன்பெர்க் ஆசிரியர், 1924-இல் ஜெர்மனியில் ஃப்ராங்க்பர்ட் நகரத்துச் சமூக ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைவரானார். அவருக்குப் பின் ஹோர்க்ஹைமரின் தலைமையில் அக்கழகம் உலகப் புகழ் பெற்றது. இவ்வாறு மார்க்ஸீயத்தின் பல கிளைகளுக்கு இந்த ஊர்த் தண்ணீர் சிறிதாவது பாய்ந்திருக்கிறது.

நம்மவர் ஒருவரும் இங்கே வாழ்ந்தார். சிறையில் உடல் நலம் கெட்ட சுபாஷ் சந்திர போஸ், சிகிச்சைக்காக 1933 மார்ச் மாதத்தில் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். கல்கத்தா நகரத் தலைவராக இருந்தவரல்லவா? ஆகையால் இந்த நகர சபை செய்த காரியங்களை ஆவலுடன் கவனித்து, அவற்றைப் பற்றிக் கல்கத்தா நகரத் தலைவருக்குக் கடிதமும் எழுதினார். 'இந்தியப் போராட்டம்' என்னும் அவருடைய நூல் 1934-இல் இந்நகரில்தான் உருவாயிற்று. அவர் எந்தச் சமயத்தில் வந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதே மார்ச் மாதத்தில்தான் ஆஸ்திரியாவின் ஜனநாயகத்துக்குக் கழுத்தில் கயிறு விழுந்தது.

பிப்ரவரி 12

1933 மார்ச் 4-ஆம் தேதி. சட்டசபையில் ஒரு தீர்மானத்தின்மேல் சச்சரவு மூண்டது. ஒவ்வொரு ஓட்டும் முக்கியமாயிருந்தது. சபைத் தலைவராயிருந்த ரென்னர், தாமும் ஓட்டளிக்கும் பொருட்டுத் தலைமைப் பதவியைத் துறந்தார். உடனே மற்றக் கட்சிகளைச் சேர்ந்த உபதலைவர் இருவரும் துறந்துவிட்டார்கள். கூட்டத்தைக் கலைக்கக்கூட ஆளின்றிச் சபை நின்றது. பிரதம மந்திரி டோல்ஃபுஸ் இதுதான் சமயமென்று, சபை தன்னைத் தானே கலைத்துக்கொண்டுவிட்டது என்று அறிவித்து, மறுபடியும் கூட முயன்ற அங்கத்தினர்களைப் போலீஸை வைத்துத் தடுத்தார். அம்மாத இறுதியில் தொழிலாளரின் பாதுகாப்புப் படையான ஷூட்ஸ்புண்டையும் தடை செய்தார்.

ஆயுதம் எடுப்போம் என்று லின்ட்ஸ் மாநாட்டில் குறித்த தருணம் இதுதான். பௌவர் எடுக்கவில்லை. உள்நாட்டு யுத்தம் வந்தால் எத்தனை குடும்பங்கள் அழியும் என்று எண்ணினார். சமரசத்துக்கு இன்னும் வழி இருக்கிறது என்று நம்பினார். பதினோரு மாதம் காத்திருந்தார்கள். அதற்குள் படைத் தலைவர்கள் பலர் கைதாகிவிட்டார்கள்.

1934 பிப்ரவரி 12-ஆம் தேதி காலையில், லின்ட்ஸ் நகரில் தொழிலாளர் விடுதியைச் சோதனையிடப் போலீஸார் வந்தபோது உள்ளேயிருந்தவர்கள் சுட்டார்கள். தலைமையின் உத்தரவுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. வியன்னாவில் மின்சார விளக்குகள் அணைந்தன. பொது வேலை நிறுத்தத்துக்கு அதுவே அறிகுறி. ஆனால் ரயில்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. ஓடிய ரயில்களில் பட்டாளம் வந்தது.

நாம் நின்ற இந்த மாளிகையின்மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. உள்ளே ஆயுதம் ஏந்தியவர்கள் மட்டுமா இருந்தார்கள்? தாய்மார்களும் குழந்தைகளும் இருந்தார்கள். சில நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. தேசம் முழுவதிலும் முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இங்கே போரிட்ட எமில் ஸ்வோபோடா அவர்களில் ஒருவர். கட்சி தடை செய்யப்பட்டது. நகரத் தலைவர் ஸைட்ஸைச் சிறையில் வைத்தார்கள். மாளிகையின் பெயரையும் மாற்றினார்கள். அந்தப் பெயர் திரும்பி வந்தது 1945-இல்தான்.

வென்றவர்களுக்கும் வாழ்வு நிலைக்கவில்லை. அதே வருஷம் ஜூலை மாதத்தில் டோல்ஃபுஸை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் நுழைந்தபோது, அதை எதிர்த்து நிற்பதற்குத் தொழிலாளர் சங்கமும் இல்லை, சட்டசபையும் இல்லை. இரண்டையும் நான்கு வருஷத்துக்கு முன்பே அழித்தாகிவிட்டது.

நால்வரின் முடிவு

மாக்ஸ் ஆட்லர் 1937-இல் வியன்னாவிலேயே காலமானார். பௌவர் செக்கோஸ்லோவேகியாவுக்குத் தப்பிச் சென்றார். போன கையோடு ஒரு சிறு நூல் எழுதி, முந்தின வருஷம் மார்ச்சில் போராடாமல் விட்டது தங்கள் பிழை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தலைவர்கள் தங்கள் பிழையைத் தாங்களே அச்சிட்டு வெளியிடுவது எந்த நாட்டிலும் அபூர்வம். 1938 ஜூலையில் பாரிஸில், ஐம்பத்தாறாம் வயதில், அவருடைய இருதயம் நின்றுவிட்டது. ஜெர்மனியில் இரு முறை நிதி மந்திரியாயிருந்த ஹில்ஃபர்டிங்கைப் பிரான்ஸில் பிடித்து நாஜிகளிடம் ஒப்படைத்தார்கள். 1941 பிப்ரவரியில் பாரிஸ் சிறையில் மாண்டார்.

ரென்னர் மட்டும் எஞ்சினார். ஆனால் எஞ்சிய விதம் எல்லாருக்கும் உவப்பானதன்று. 1938-இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்ப்பதற்கு ஆதரவாக ஓட்டளிக்கப் போவதாகப் பத்திரிகையில் பகிரங்கமாகச் சொன்னவர் அவர். அவரே 1945-இல் சுதந்திர ஆஸ்திரியாவை மறுபடியும் நிறுவி, அதன் ஜனாதிபதியாகி, 1950-ஆம் வருஷக் கடைசி நாளில் அப்பதவியிலேயே உயிர் நீத்தார். ஒரே மனிதர் இரண்டையும் செய்தார் என்பதைச் சரித்திரம் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

மறுநாளும் நாம் அந்த மாளிகைக்குப் போனோம். மத்திய முற்றத்துக்கு இப்போது 'பிப்ரவரி 12 சதுக்கம்' என்று பெயர். பழைய சலவைக் கூடங்களில் ஒன்றில், 2010 முதல் ஒரு காட்சிசாலை இருக்கிறது. சிவப்பு வியன்னாவின் கதையை அங்கே படங்களிலும் பத்திரிகைகளிலும் காணலாம். எந்த வெந்நீரைப் பற்றி மூதாட்டி சொன்னாரோ, அந்த மாதிரிக் கூடத்திலேயே சரித்திரத்தையும் வைத்திருப்பது பொருத்தமாகவே பட்டது.

நாம் கொண்டுபோன கேள்விக்கு விடை கிடைத்ததா? இரு விதமாகவும் சொல்லலாம். ஓட்டுச் சீட்டினால் கட்டிய வீடு பீரங்கிக்கு முன் நிற்காது என்பார் ஒரு சாரார், 1934-ஐக் காட்டுவார்கள். ஆனால் வீடு நிற்கத்தானே செய்கிறது? பீரங்கி வைத்தவர்கள் போனார்கள்; அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போனார்கள். உடைந்த சுவரைப் பூசினார்கள், மக்கள் வாழ்கிறார்கள். இன்றும் வியன்னா நகர சபை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சொந்தக்காரராக இருந்து குறைந்த வாடகைக்கு விடுகிறது. டாண்ட்லரும் பிரைட்னரும் தொடங்கிய வேலையைத் தவறு என்று சொல்லி இடித்துத் தள்ளியவர் எவரும் இல்லை.

ஆனால் பௌவர் ஒப்புக்கொண்ட பிழையையும் நாம் மறக்கலாகாது. வீட்டைக் கட்டுவதில் காட்டிய அக்கறையைச் சட்டசபையைக் காப்பதில் உரிய சமயத்தில் காட்டவில்லை. நல்ல குழாயும் நல்ல பள்ளியும் கிடைத்துவிட்டால், பிரஜைகளின் உரிமை தானாகவே நிலைத்துவிடும் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். அது தானாக நிலைப்பதன்று. ஒரு நாள் சபை கூடாமற் போனபோதே, எவ்வளவு சிறிய காரணமாயிருந்தாலும், ஜனங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடம் ஆஸ்திரியாவுக்கு மட்டும் உரியதல்ல.

நாம் விடைபெறும்போது மூதாட்டி அதே பெஞ்சில் இருந்தார். எதிரே குழந்தைகள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். "உங்கள் ஊரிலும் இப்படி வீடுகள் உண்டா?" என்று அவர் கேட்டார். "இன்னும் இல்லை, அம்மா" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தோம்.